வேர் நுனியில் ஒரு வகுப்பறை

(உயிரியல் மன்றத்தின் சார்பில், மேல்நிலை இரண்டாமாண்டு மாணவியர்)

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. காரத்தில் மட்டுமன்று, பாடம் சொல்லித் தருவதிலும் கடுகு குறைந்ததன்று என்பதை இவ்வாண்டு நாங்கள் கண்டுகொண்டோம்.

ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்துத் தட்டில் விரித்து, அதன்மேல் நாலைந்து கடுகைத் தூவி, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால், மூன்றாம் நாள் கடுகிலிருந்து வெள்ளை வேர் நீண்டிருக்கும். வேரைச் சுற்றிப் பூஞ்சணம் பிடித்தாற்போல மெல்லிய வெண்ணிற இழைகள் தெரியும். உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். (எங்களுள் ஒருத்தியின் அம்மா அப்படித்தான் எறிந்துவிட்டார்!) அவை பூஞ்சணம் அல்ல, வேர்த்தூவிகள். மண்ணிலிருந்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சிச் செடியை வாழவைப்பவை.

ஒரு கைக்கண்ணாடி கொண்டு பாருங்கள். வேரின் நுனியில் தூவி இல்லை. நுனியிலிருந்து சற்று மேலே சென்ற பிறகே தொடங்குகின்றன. ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல் வெளியே நீட்டிய கை. அதன் பக்கத்துச் செல்லோ கையை நீட்டாமல் சும்மா இருக்கிறது. இரண்டும் ஒரே விதையில் பிறந்தவை. ஒரே வேரில், ஒரே வரிசையில் இருப்பவை. ஒன்றுக்குத் தூவி வந்தது, மற்றொன்றுக்கு வரவில்லை. ஏன்? இந்தச் சிறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சென்ற தூரத்தை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம்.

பதிவேட்டில் நேர்ந்த பிழை

முதலில் ஒரு வெட்கத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். செய்முறை வகுப்பில் அவரை வேரின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்து வரையும்படி சிஸ்டர் சொன்னார்கள். பிளேடால் மெல்லிய சீவல்கள் எடுத்தோம்; சாஃப்ரனின் சாயம் ஏற்றினோம்; கண்ணாடித் தகட்டில் வைத்தோம். பிறகு நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துவிட்டு, மற்றக் கண்ணால் பாடப்புத்தகத்தைப் பார்த்தே படம் வரைந்தோம். பதிவேடுகளைத் திருத்திய சிஸ்டர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவைத்தார்கள். எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருந்தன, ஒன்றைத் தவிர.

அது விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தோழியின் படம். அவள் வட்டம் கோணலாக இருந்தது. ஒரு பக்கம் செல்கள் கிழிந்திருந்தன. வெளியடுக்கில் சில செல்களுக்கு மட்டும் தூவி இருந்தது. அவள்தான் தவறு செய்துவிட்டாள் என்று எண்ணி நாங்கள் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இந்த ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். நீங்களெல்லாம் படித்திருக்கிறீர்கள்" என்றார்கள். அந்தச் சனிக்கிழமை முழுவதும் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து மீண்டும் சீவினோம், மீண்டும் வரைந்தோம். அப்போதுதான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

ஒரே நூல், வேறு வேறு பக்கங்கள்

ஒரு செடியின் உடலில் உள்ள எல்லாச் செல்களும் கருமுட்டை என்னும் ஒரே செல்லின் வழிவந்தவை. செல் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட்டு இரு செல்களுக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே வேர்த்தூவிச் செல்லிலும் இலைச் செல்லிலும் இருப்பது ஒரே நூல்தான். வேறுபடுவது, எந்தச் செல் எந்தப் பக்கத்தை வாசிக்கிறது என்பதே.

நம் பள்ளி நூலகத்தில் வீட்டுக்குக் கொடுக்காத பெரிய நூல்கள் சில உண்டு. அவற்றில் நமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு வருகிறோம் அல்லவா? செல்லும் அதையே செய்கிறது. டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான ஜீனின் செய்தி தூதுவ ஆர்.என்.ஏ. என்னும் தாளில் எழுதப்பட்டு வெளியே வருகிறது. அதைப் படித்துப் புரதம் உருவாகிறது. இதையே 'ஜீன் வெளிப்பாடு' என்கிறோம். ஒரு செல்லில் இப்போது எந்தெந்தத் தூதுவ ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிவிட்டால், அந்தச் செல் என்ன வேலை செய்கிறது, என்னவாக ஆகப்போகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கடுகின் உறவுக்காரி

இவ்வகை ஆராய்ச்சிக்கு உலகெங்கும் விஞ்ஞானிகள் மிகுதியாகப் பயன்படுத்தும் செடி அராபிடாப்சிஸ் தாலியானா. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு களைச்செடி. உண்ண உதவாது, அழகான பூவும் இல்லை. ஆனால் விதையிலிருந்து விதை வரை சுமார் ஆறு வாரங்களில் வாழ்வை முடித்துக்கொள்கிறது. தாவரங்களுள் முதன்முதலாக இதன் ஜீன் தொகுதிதான் 2000ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிடப்பட்டது. புரதங்களுக்குரிய ஜீன்கள் இதில் சுமார் 27,000 உள்ளன.

இதன் வேரே ஒரு பாடநூல். நூல்போல் மெல்லியது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கூடியது. வெளியிலிருந்து உள்ளே புறத்தோல், புறணி, அகத்தோல், பெரிசைக்கிள் என்று ஒவ்வொரு செல் தடிமனில் அடுக்குகள். நடுவே நீரும் உணவும் செல்லும் சைலமும் ஃபுளோயமும். நுனியில் ஆக்குத்திசு. அங்கே புதிய செல்கள் பிறக்கின்றன. சற்று மேலே நீள்கின்றன. இன்னும் மேலே முதிர்ந்து தம் தொழிலை மேற்கொள்கின்றன. தாவரச் செல்கள் சுவரால் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. விலங்குச் செல்களைப்போல் இடம் விட்டு இடம் நகர்வதில்லை. ஆகவே வேரை நுனியிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது, ஒரு செல்லின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து படிப்பதற்கு ஒப்பாகும். நம் பள்ளிக் கட்டடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நடந்து பார்ப்பதுபோல!

சராசரி சொல்லாத உண்மை

முன்பெல்லாம் ஜீன் வெளிப்பாட்டை அறிய வேர் முழுவதையும் அரைத்து, எல்லாச் செல்களின் ஆர்.என்.ஏ.வையும் ஒன்றாகப் பிரித்தெடுத்து அளப்பார்கள். கிடைப்பது சராசரி. சராசரியின் குறை என்ன என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், எல்லாரும் 60 வாங்கியிருக்கலாம்; பாதிப்பேர் 90, பாதிப்பேர் 30 வாங்கியிருக்கவும் கூடும். இரண்டு வகுப்புகளும் ஒன்றல்ல. 30 வாங்கியவளுக்கு வேண்டிய உதவி அந்தச் சராசரியைப் பார்ப்பவர் கண்ணில் படவே படாது.

2003ஆம் ஆண்டில் கென்னத் பிர்ன்பாம், ஃபிலிப் பென்ஃபி முதலானோர் ஒரு படி முன்னேறினர். ஜெல்லிமீனிடமிருந்து பெற்ற பச்சை ஒளிர்புரதத்தின் ஜீனைச் செடியில் சேர்த்து, வேரின் ஒரு குறிப்பிட்ட அடுக்கு மட்டும் ஒளிரும்படி செய்தார்கள். பிறகு செல்களைப் பிரித்து, ஒளிர்பவற்றை மட்டும் ஒதுக்கி ஆராய்ந்தார்கள். வேரின் ஜீன் வெளிப்பாட்டுக்கு முதல் வரைபடம் கிடைத்தது. பெரிய சாதனைதான். எனினும் இது வகுப்புச் சராசரிக்குப் பதில் பெஞ்சுச் சராசரி. ஒவ்வொருத்தியின் மதிப்பெண் அன்று.

வரிசை எண் எழுதிய விடைத்தாள்

2009இல் ஓர் எலிக் கருவின் ஒற்றைச் செல்லிலிருந்த தூதுவ ஆர்.என்.ஏ.க்கள் முழுவதையும் வாசித்துக் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு செல்லாக எடுத்து வாசிப்பதென்றால் ஆயிரம் செல்களுக்கு எத்தனை காலம் ஆகும்! 2015இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் விஞ்ஞானிகள் இரு குழுவினராக நல்ல வழி ஒன்றைக் கண்டனர். எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகளை வரிசையாக ஓடவிட்டார்கள். ஒரு துளியின் அளவு ஏறத்தாழ ஒரு நானோலிட்டர். அதாவது ஒரு லிட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. துளிக்குள் ஒரு செல்லும் ஒரு சிறு மணியும் சேர்ந்து விழும்படி அமைத்தார்கள். மணியின்மேல் குட்டையான டி.என்.ஏ. இழைகள் ஒட்டியிருக்கும். ஒரு மணியில் உள்ள இழைகள் யாவற்றிலும் ஒரே அடையாளக் குறி. அடுத்த மணியில் வேறு குறி. துளிக்குள் செல் உடைந்ததும் அதன் தூதுவ ஆர்.என்.ஏ.க்கள் அந்த இழைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றிலிருந்து எடுக்கும் படிகள் யாவும் அக்குறியைப் பெற்றுவிடுகின்றன.

பொதுத்தேர்வு விடைத்தாளை நினைத்துப் பாருங்கள். தாளில் பதிவு எண் இருந்தால், ஆயிரம் பேரின் தாள்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினாலும் எது யாருடையது என்று பிரித்துவிடலாம். அதேபோல எல்லாச் செல்களின் படிகளையும் ஒன்றாகக் கலந்து இயந்திரத்தில் வாசித்து, பிறகு குறியைப் பார்த்துக் கணிப்பொறி செல்வாரியாகப் பிரித்துவிடுகிறது.

சுவரைக் கரைப்பது எப்படி?

விலங்குச் செல்களுக்கு இம்முறை எளிது. தாவரச் செல்லுக்கோ செல்லுலோஸ் சுவர் உண்டு. 1960ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நாட்டிங்காமில் எட்வர்ட் காக்கிங் என்பவர் நொதியைக் கொண்டு தக்காளி வேர்ச் செல்களின் சுவரைக் கரைத்துக் காட்டியிருந்தார். சுவர் நீங்கிய செல் குமிழிபோல் உருண்டையாக மிதக்கும். அதற்குப் புரோட்டோபிளாஸ்ட் என்று பெயர். இன்றும் ஏறக்குறைய அதே வழிதான். வேர் நுனிகளை நறுக்கிச் செல்லுலோஸையும் பெக்டினையும் கரைக்கும் நொதிகளில் இட்டு வைக்கிறார்கள்.

இதில் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, சுவர் கரைவது செல்லுக்குப் பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சியாலேயே சில ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றை இயல்பான வெளிப்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே அப்படி விழிக்கும் ஜீன்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்துக் கழித்துவிடுகிறார்கள். செல்லை விட்டுவிட்டு உட்கருவை மட்டும் எடுத்து ஆராயும் முறையும் 2021இல் அராபிடாப்சிஸ் வேரில் கையாளப்பட்டது.

இரண்டாவது இடர் இன்னும் பெரிது. பிரித்துவிட்ட செல்லைப் பார்த்தால் அது வேரில் எங்கே இருந்தது என்று தெரியாது. வரிசையில் நின்ற மாணவியரை மைதானத்தில் கலைத்துவிட்டாற்போல! சீருடையைப் பார்த்து வகுப்பைக் கண்டுபிடிப்பதுபோல, ஓர் அடுக்குக்கே உரியவை என்று முன்பே தெரிந்த ஜீன்களைக் கொண்டு செல்லின் அடுக்கைக் கண்டுபிடிக்கிறார்கள். பழைய வரைபடங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. வயதை அறிய வேறொரு வழி உண்டு. ஒரு மாணவியின் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான புகைப்படங்களைத் தேதியின்றிக் கலைத்துப் போட்டாலும், ஒன்றுக்கொன்று மிக ஒத்தவற்றை அடுத்தடுத்து வைத்தால் வளர்ச்சி வரிசை வந்துவிடும். செல்களையும் அவ்வாறே ஜீன் வெளிப்பாட்டின் ஒப்புமையைக் கொண்டு கணிப்பொறி வரிசைப்படுத்துகிறது.

ஆனால் தங்கையின் படம் அக்காளின் படத்தோடு கலந்துவிட்டால்? அப்படியும் நேரலாம். ஆகவே கணிப்பொறி தந்த வரிசை ஓர் ஊகமே. முக்கியமான ஜீனை ஒளிரச் செய்து, உயிருள்ள வேரை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்த பின்னரே விஞ்ஞானிகள் அதை ஏற்கிறார்கள். கடைசியில் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும்! சிஸ்டரின் சொல் எங்கள் நினைவுக்கு வந்தது.

வேர் சொன்ன செய்தி

2019ஆம் ஆண்டு இத்துறையில் மறக்க முடியாத ஆண்டு. அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளின் குழுக்கள் தனித்தனியே உழைத்து, அராபிடாப்சிஸ் வேரின் ஆயிரக்கணக்கான செல்களைச் செல்வாரியாக ஆராய்ந்து அடுத்தடுத்து வெளியிட்டன. ஒரு குழு 10,000க்கு மேலும், மற்றொன்று 12,000க்கு மேலும் செல்களை வாசித்தன. தூவி மிகக் குறைவாக வளரும் செடி, எங்கும் தூவி வளரும் செடி ஆகியவற்றின் செல்களையும் ஒப்பிட்டனர். வேர் நுனியின் நடுவே அமைதியாக இருக்கும் சில செல்கள் மிக அரியவை. ஒரு வேரில் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளவை. அத்தகையவற்றைத் தவறவிடாதிருக்க எண்ணிக்கை பெருக வேண்டியிருந்தது. 2022இல் வெளியான வேர் வரைபடத்தில் 1,10,000க்கு மேற்பட்ட செல்கள் இடம்பெற்றன.

சரி, நம் கேள்விக்கு விடை என்ன? பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஒன்றுக்கு மட்டும் தூவி ஏன்?

அராபிடாப்சிஸில் விடை வியப்பானது. புறத்தோலின் அடியே எட்டுப் புறணிச் செல்கள் வட்டமாக நிற்கின்றன. இரண்டு புறணிச் செல்கள் சந்திக்கும் இடுக்கின்மேல் அமரும் புறத்தோல் செல் தூவி விடும். ஒரே புறணிச் செல்லின்மேல் அமர்வது தூவி விடாது. அதாவது, செல்லின் தொழிலை முடிவு செய்வது அது அமர்ந்த இடமும், அக்கம்பக்கத்திலிருந்து வரும் செய்தியுமே. ஒற்றைச் செல் ஆராய்ச்சி, அந்தச் செய்தி வந்த பிறகு செல்லுக்குள் எந்த ஜீன் முதலில், எந்த ஜீன் அடுத்து என்று படிப்படியாகக் காட்டுகிறது.

இடத்தின் வலிமையை வேறு சோதனைகளும் காட்டியிருந்தன. 1995இல் நெதர்லாந்தின் உத்ரெக்டில் பென் ஷெரஸ் குழுவினர் லேசர் ஒளியால் வேர் நுனியில் ஒரு செல்லை மட்டும் அழித்தார்கள். பக்கத்து அடுக்கின் செல் அந்தக் காலியிடத்திற்குள் வளர்ந்து, பிரிந்து, புதிய இடத்திற்குரிய தொழிலை ஏற்றுக்கொண்டது. 2016இல் பிர்ன்பாம் குழுவினர் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். வேரின் நுனியையே வெட்டிவிட்டு, எஞ்சிய பகுதியின் செல்களைத் தனித்தனியே ஆராய்ந்தார்கள். நடுக்குழாய்ப் பகுதிக்குரியவையாக இருந்த செல்கள் தம் பழைய அடையாளத்தைக் கைவிட்டுப் புதிய அடையாளத்தை ஏற்பது தெரிந்தது. ஒரே வகைச் செல் அன்று, பலவகைச் செல்கள் சேர்ந்து இழந்த நுனியை மீண்டும் கட்டின. ஆக்சின், சைட்டோகைனின் என்னும் ஹார்மோன்கள், கருவில் வேர் முதன்முதல் உருவானபோது காட்டிய அதே முறையில் வழிகாட்டின. அரைத்து எடுத்த சராசரியில் இந்த மாறுதல் எங்கே தெரிந்திருக்கும்?

வயலுக்கும் மருந்துக்கும்

களைச்செடியின் வேரை ஆராய்ந்து யாருக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். ஷார்ட்ரூட் என்னும் புரதம் வேரின் உள்ளிருந்து அடுத்த அடுக்கிற்குச் சென்று அதன் தொழிலை நிர்ணயிக்கிறது என்பது 2001இல் அராபிடாப்சிஸில் தெரிந்தது. அராபிடாப்சிஸ் வேரில் புறணி ஒரே அடுக்கு. மக்காச்சோளத்திலோ பல அடுக்குகள். காரணம் என்ன? 2021இல் மக்காச்சோள வேரை ஒற்றைச் செல் முறையில் ஆராய்ந்தபோது, அங்கே இப்புரதம் பல அடுக்குகளைக் கடந்து செல்வதும், அதை இழந்த செடிகளில் புறணி அடுக்குகள் குறைவதும் தெரிந்தன. அதே ஆண்டில் நெல்லின் வேரும் இம்முறையில் ஆராயப்பட்டது. வேரின் அடுக்குகளே நீரையும் உப்பையும் காற்றையும் ஆளுகின்றன. நெல்லை நம்பி வாழும் நமக்கு இது அயலார் செய்தி அன்று.

இன்னொன்று நம் வாசலிலேயே இருக்கிறது. நித்தியகல்யாணி மடகாஸ்கரில் தோன்றிய செடி. இன்று நம் ஊர்களில் எங்கும் பூக்கிறது. இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் முக்கியமான மருந்து. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். இலையில் இம்மருந்து ஒரே செல்லில் தயாராவதில்லை. ஒரு வகைச் செல் தொடங்கி, அடுத்த வகை தொடர்ந்து, மற்றொரு வகை முடிக்கிறது. 2023இல் ஒற்றைச் செல் முறையில் எந்தப் படி எந்தச் செல்லில் நடக்கிறது என்பது தெளிவானதோடு, புதிய ஜீன்களும் கண்டறியப்பட்டன. மருந்தை எளிதாகச் செய்யும் வழி தேடுவோருக்கு இது நல்ல கைவிளக்கு.

முடிவாக

இதையெல்லாம் படித்து முடித்தபோது எங்கள் கேள்வியும் மாறிவிட்டிருந்தது. "இந்தச் செல் எப்படிப் பிறந்தது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். "எங்கே அமர்ந்திருக்கிறது? அதற்கு அருகிலிருந்து என்ன செய்தி வருகிறது?" என்றும் கேட்க வேண்டும் என்று அறிந்தோம்.

கோணல் வட்டம் வரைந்த தோழி முன்பு பின்வரிசையில் அமர்ந்திருந்தாள். உயிரியல் மதிப்பெண்ணில் வகுப்புச் சராசரியை எட்டாதவள். இப்போது செய்முறை வகுப்பில் அவளை நடுவில் உட்காரவைத்துக்கொள்கிறோம். சீவல் எடுப்பதிலும் பார்ப்பதிலும் எங்களுக்கு அவளே ஆசிரியை. இவ்விதழுக்காக அவள் வரைந்து தந்த கடுகு வேர்ப் படத்தில் தூவிகள் ஒழுங்காக இல்லை. சில நீளம், சில குட்டை. அப்படித்தான் இருந்தன.

தங்கைகளே, நீங்களும் கடுகு விதையுங்கள். மூன்றாம் நாள் கைக்கண்ணாடியோடு அமருங்கள். பார்த்ததை வரையுங்கள்.